உறைவிந்துக் குட்டி

ஈன்ற களைப்போடு நின்ற பெண்குதிரை தன் குட்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு லாயத்தின் மூலைக்குப் போய்விட்டது.

"இதுவும் சேத்துக்கல டாக்டரம்மா. இனி புட்டிப்பால்தான்," என்றார் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் மாதப்பன்.

ஓசூர்ப் பக்கத்துப் பண்ணையில் ரோஸ்லின்தான் மருத்துவர். வருடக்கணக்கில் உறைய வைத்த விந்தில் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் இதே கதிதான் என்பது அவளுக்குத் தெரியும். குளிரில் ஏதோ ஒரு புரதம் சிதைந்துபோகிறது. குட்டி நன்றாகவே வளரும், ஓடும். பெற்றவளுக்கு மட்டும் அதன் வாசம் அந்நியமாகிவிடுகிறது.

ரோஸ்லின் வயிற்றில் எட்டு மாதமாக வளர்வதும் அப்படி வந்த பிள்ளைதான். கணவன் எட்வின் புற்றுநோய் சிகிச்சைக்கு முன்னால் சேமித்து வைத்தது. அவன் போய்ப் பல வருடம் கழித்துத்தான் அவளுக்குத் துணிவு வந்தது.

"பயமா இருக்கு அத்தை," என்றாள் மாமியாரிடம்.

"குதிரையும் நீயும் ஒண்ணாம்மா?"

பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் அதை அவள் மார்பில் கிடத்தினாள். எட்வினின் அதே காது, அதே மோவாய். ரோஸ்லின் ஆசையாகக் குனிந்து உச்சியை முகர்ந்தாள். யாருடைய பிள்ளையையோ தூக்கிவிட்டதுபோல உடம்பு கூசியது. கை தானாக விலகப் பார்த்தது.

"நம்ம எட்வின் மாதிரியே இருக்கால்ல?" மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா அத்தை."

ரோஸ்லின் வாயால் மூச்சை இழுத்துக்கொண்டு, குழந்தையை மார்போடு சேர்த்துப் பால் கொடுத்தாள்.