நடுவில் ஒரு சொல்

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று கடிதத்தை மேஜைமேல் போட்டார் மிஸஸ் சக்டன்.

வந்து உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நனைந்த கோட்டைக் கழற்றவுமில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவருடைய கணவர் வில்ஃப் எங்கள் ஆஸ்பத்திரியின் ஏழாம் வார்டில் இறந்துபோனார். மூச்சு முட்டியது யாருக்கும் தெரியவில்லை. புகார் வந்தது, விசாரித்தோம், மன்னிப்புக் கடிதம் தயார் செய்தோம். தயார் செய்தது நான்தான். அதை ஏற்றுக்கொண்டு அந்த அம்மா கையெழுத்துப் போட்டால் ஃபைலை மூடலாம்.

"எந்த வரி பிடிக்கல?" என்று இதமாகக் கேட்டார் நிர்வாகி டெஸ்மண்ட்.

"மூணாவது வரி. 'நோயாளி கவனிக்கப்படவில்லை'."

டெஸ்மண்டுக்கு ஆச்சரியம். எனக்கும்தான்.

எங்கள் இங்கிலீஷில் 'இல்லை' தனிச் சொல்லாக வினைக்கு முன்னால் நிற்கும்; இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் உட்காரும் அளவுக்கு இடம் உண்டு. 'போதிய அளவு', 'முழுமையாக', 'உரிய நேரத்தில்' என்று எதையாவது அங்கே செருகினால் குற்றம் பாதியாகிவிடும். 'கவனிக்கப்படவில்லை' என்றால் கொலைக் குற்றம் மாதிரி இருக்கும். 'போதிய அளவு கவனிக்கப்படவில்லை' என்றால் வருத்தத்தோடு முடிந்துவிடும். இடம் மாறினால்தான் ஆபத்து. ஒருமுறை 'வேண்டுமென்றே' என்பதை 'இல்லை'க்கு அந்தப் பக்கம் போட்டு, தெரியாமல் நடந்த தப்பைத் தெரிந்தே செய்ததாக்கிவிட்டு, வக்கீலிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

பதினோரு வருஷமாக எனக்குச் சம்பளமே அந்தச் சின்ன இடத்தை நிரப்பத்தான்.

இந்தக் கடிதத்தில் மட்டும் நான் போட்ட சொல்லை டெஸ்மண்ட் அடித்துவிட்டார். "ஒரு தடவையாவது நேர்மையா இருப்போமே ஹேசல்" என்றார். பரவாயில்லையே என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

"மேடம், இதைவிட வெளிப்படையா எந்த ஆஸ்பத்திரியும் எழுதாது. பூசி மெழுகல. கவனிக்கலைன்னு பளிச்சுனு ஒத்துக்கிட்டோம்" என்றார் டெஸ்மண்ட்.

"அதான் பிடிக்கலங்கிறேன்."

"சரி, 'அறவே கவனிக்கப்படவில்லை'ன்னு மாத்தட்டுமா?"

"ஓ, மாத்துவியா? கேட்டா என்ன வேணா எழுதுவியா தம்பி?"

"கொஞ்சம் டீ சாப்பிடுங்களேன்."

"டீ எங்க வீட்டுலயே இருக்கு."

எனக்கு எரிச்சலாக வந்தது. கணவரைப் பறிகொடுத்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக இப்படியா? யாராவது ஒருத்தர் தலை உருண்டால்தான் இந்த அம்மாவுக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டெஸ்மண்டும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க மனசுக்கு ஆறுதலா இருக்கும்னு சொல்றேன். அன்னிக்கு டியூட்டில இருந்த நர்ஸ் மேல நடவடிக்கை எடுத்தாச்சு. வியாழக்கிழமை விசாரணை. நீங்க கையெழுத்துப் போட்டதும் இந்தக் கடிதத்தையும் அங்க வைக்கப்போறோம். இனிமே அந்தப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரியிலயும் வேலை பார்க்க முடியாது."

"யாரு, கெர்ரியா? செம்பட்டை முடிக்காரி?"

"பேரு சொல்லக் கூடாதுங்க."

"நெனச்சேன்" என்றார் மிஸஸ் சக்டன். "பேனா குடு கண்ணு."

அப்பாடா என்று நீட்டினேன். வாங்கினார். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போகாமல், மூன்றாவது வரிக்கு மேலே குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே பேசினார்.

"பள்ளிக்கூடத்துல முன்னூறு பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடு போட்ட கை இது. ஒருநாள், என்கூட வேலை பாக்கறவங்க ரெண்டு பேரும் வரல. ஒத்தையா நின்னேன். கடைசி வரிசைக்குப் போறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போச்சு. அன்னிக்கு எவனாவது 'பரிமாறப்படவில்லை'ன்னு எழுதியிருந்தான்னா, கரண்டியாலயே ரெண்டு வெச்சிருப்பேன்."

"மேடம், இது வேற விஷயம்..."

"என்ன வேற? இருபத்தெட்டுக் கட்டிலு, ஒரு பொண்ணு. நான் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புற வரைக்கும் எங்க வில்ஃப் கிட்ட அவ அஞ்சு தடவை ஓடி வந்தா. உக்காந்து எண்ணுனேன். 'இன்னொரு ஆளு கேட்டேன், அனுப்ப மாட்டேங்கிறாங்க'ன்னு என்கிட்ட அழுதா. அவளப் போயி கவனிக்கலைன்னு எழுதுவியா? அதுவும் என் புருஷன் சாவை வெச்சு?"

நான் எட்டிப் பார்த்தேன். நான் போட்டு டெஸ்மண்ட் அடித்த அதே 'போதிய அளவு', இப்போது பெரிய பெரிய எழுத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தது. டெஸ்மண்டின் நேர்மை எதற்காக என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அதைப் போட்டா எங்க தப்பைக் குறைச்ச மாதிரி ஆயிடுமே மேடம்" என்றார் டெஸ்மண்ட், மெதுவாக. "உங்களுக்குத்தான் நஷ்டம்."

"குறையாது தம்பி. போதிய அளவு இல்லைன்னு எழுதினா, ஏன் போதலைன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டியது கெர்ரி இல்ல, நீ."