பிரேக் இல்லாத வண்டிகள்

“தரையில கெடந்தவனப் போயி மொத ஆளாப் போட்டிருக்கியேட்டி. கண்ணு தெரியுதா இல்லியா ஒனக்கு?”

குத்தாலிங்கம் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் ஹெட்போனைக் கழற்றினார்கள்.

சண்முகப்பிரியா திரும்பவில்லை. திரும்பினால் கையிலிருக்கும் டீயை அவர் மூஞ்சியில் ஊற்றிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

தென்காசி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்திரேலியாவில் பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கு மார்க் போடுவது அவள் வேலை. ஸ்பீட்வே என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர். மண் தடம். நாலு பேர், நாலு சுற்று, எந்த வளைவானாலும் இடப்பக்கம்தான். அங்கேயுள்ள ஒரு கம்பெனி வீடியோக்களை அனுப்பும். உலக சாம்பியன் ஆகிற சரக்கு எவனிடம் இருக்கிறது என்று அவள் பார்த்து எழுதவேண்டும். அவள் சொல்கிறவனைச் செலவு செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பழக்குவார்கள்.

இந்த வருஷம் ஒரே ஓர் இடம்தான். சலித்துச் சலித்துக் கடைசியில் நின்றது இரண்டு பேர். டார்சி, நேத்தன். இரண்டு பேரும் பதினேழு வயசுப் பையன்கள்.

அவள் டார்சியை எழுதியிருந்தாள். குத்தாலிங்கத்துக்கு நேத்தன் வேண்டும்.

ஆபீஸ் அவருடையது. அவள் அண்ணன் மகாதேவனின் நெருங்கிய கூட்டாளி. படித்துவிட்டுப் பக்கத்து ஊர் இலஞ்சியில் வீட்டில் சும்மா இருந்தவளை அவராக வந்து கூப்பிட்டு இந்த நாற்காலியில் உட்கார வைத்தவர். அந்த நன்றியில் இதுவரை அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

இன்றைக்கு அந்த நன்றி எங்கே போனதோ தெரியவில்லை.

“அவம் விழலண்ணே. வண்டிய அவனே படுக்கப் போட்டான். பாருங்க.”

வீடியோவை மறுபடி ஓடவிட்டாள்.

மூன்றாவது வளைவு. முன்னால் போன பையன் சறுக்கி விழுகிறான். அவனை ஒட்டி வந்த டார்சி, கண்மூடித் திறப்பதற்குள் தன் வண்டியைச் சரித்துவிடுகிறான். புழுதி பறக்க, வண்டியும் அவனுமாக இழுபட்டுப்போய், விழுந்தவனைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நிற்கிறான்.

அவனுக்கும் பின்னால் வந்தவன் நேத்தன். வலப்பக்கம் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் கிடந்தது. அவன் ஹேண்டில் அசையவே இல்லை. முதலில் விழுந்தவன் கைமேல் ஏறிப் போனான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பந்தயத்தை மறுபடி நடத்தினார்கள். தோள்பட்டை பிசகிய டார்சியால் ஓட்ட முடியவில்லை. நேத்தன் ஜெயித்தான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் சண்முகப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் மார்க்கை அவள் வயிற்றெரிச்சலில் போடவில்லை. அந்த வேகத்தில் வண்டியைத் தானே சரித்து, சரிந்தபிறகும் அது போகும் போக்கைத் தன் பிடியில் வைத்திருப்பதற்கு எப்பேர்ப்பட்ட கை வேண்டும். அந்தக் கை நேத்தனிடம் இல்லை. அதைத்தான் எழுதியிருந்தாள்.

“கையாவது காலாவது. ஜெயிச்சவன் எவன்? அவம்பேர எழுது.”

“ஆளு மேல ஏத்திட்டுப் போனவனண்ணே அவன்.”

“ஏட்டி, அந்த வண்டியில பிரேக்கே கிடையாது. அவன் என்ன செய்வான்?”

“டார்சி வண்டியிலயும்தான் கிடையாது.”

அவள் குரல் உயர்ந்துவிட்டது. அந்த ஆபீஸில் அவர்முன் யார் குரலும் உயர்ந்ததில்லை. குத்தாலிங்கத்தின் முகம் கறுத்தது. மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

“பிரேக் இருந்தாலும் புடிச்சிருக்க மாட்டான்! ஜெயிக்கணும்னு ஓட்டுதவன் புடிக்க மாட்டான். முன்னால கெடக்கது மனுசன்னே அப்பம் தெரியாதுட்டி. ரோடு மட்டுந்தான் தெரியும். எனக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு நிறுத்தினார். சொன்னது தன் காதிலும் விழுந்ததுபோல நின்றார்.

சண்முகப்பிரியா இப்போதுதான் திரும்பினாள்.

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்ணே?”

அவர் மேசையில் அடித்த கையை மெதுவாக எடுத்து மறு கைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, டார்சியின் பெயரை மாற்றாமல் அறிக்கையை அனுப்பினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“பிரியா, நில்லுட்டி. நான் சொல்லுதத கேளு.”

அவள் நிற்கவில்லை. படியிறங்கி சாரலுக்குள் நடந்தாள். கால் நடந்ததே தவிர, எந்தப் பக்கம் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு சாயங்காலம், ஐந்தருவி ரோட்டில் இரண்டு கூட்டாளிகள் பந்தயம் கட்டி பைக் ஓட்டினார்கள். முன்னால் போன மகாதேவன் ஈர ரோட்டில் வழுக்கி விழுந்தான். பின்னால் வந்தது குத்தாலிங்கம்.

வண்டியில பிரேக் புடிக்கலம்மா, பிரேக் புடிக்கலம்மா என்று காலில் விழுந்து கதறியவரை, பிள்ளையைக் குழிக்கு அனுப்பிவிட்டு வந்த அம்மாதான் தூக்கி நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள்.