மொரிக்காராக்

முடிக் கிடங்கில் சிக்கெடுக்கும் செவ்வந்தி ஆறு மாதமாகக் கைப்பேசியில் கொரிய மொழி படித்துவந்தாள். மனிதரின் தலைமுடி என்றால் மொரிக்காராக், விலங்கின் ரோமம் என்றால் டொல். விக் செய்வதற்கு முடி வாங்கக் கொரியாவிலிருந்து ஒரு பெண்மணி வந்த அன்று, முதலாளி தங்கப்பழம் மொழிபெயர்க்கச் செவ்வந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"எதைக் காட்டிக் கேட்டாலும் மொரிக்காராக்னு சொல்லு. வேற வார்த்தை உன் வாயிலருந்து வரக்கூடாது."

வடக்கேயிருந்து மூட்டைகளில் வந்த சடையெருமை ரோமத்துக்குச் சாயம் ஏற்றி, முடியோடு கலந்தவர்களில் செவ்வந்தியும் ஒருத்தி.

பெண்மணி ஒரு கொத்தை எடுத்து விரல்களால் உருவிப் பார்த்தார். சந்தேகம் தீராமல் மறுபடியும் உருவினார். பிறகு தன் தொப்பியைக் கழற்றினார். நோய் தின்ற அந்தத் தலையில் ஒரு முடிகூட இல்லை. "என்னைப் போன்றவர்களுக்குத்தான்" என்று கொரிய மொழியில் மெதுவாகச் சொல்லிவிட்டு, கொத்தைச் செவ்வந்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

"மொரிக்காராக்?"

தங்கப்பழத்தின் மூச்சு செவ்வந்தியின் காதில் பட்டது. அந்த மொட்டைத் தலையிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"டொல்," என்றாள்.

பெண்மணி அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். கார் மறையும்வரை வாசலில் சிரித்த முகமாக நின்ற தங்கப்பழம், உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"நான் சொல்லச் சொன்னது நீளமான வார்த்தை, தாயி," என்றார். "நீ சொன்னது ரொம்பக் குட்டையா இருந்துச்சே."