கைராசிக்காரர்

"அவர் என் பையன் மேல கத்தி வைக்கக் கூடாது. வேற யாராவது பண்ணுங்க."

ஆபரேஷன் தியேட்டர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள் அம்மா. எதிரே தள்ளுகட்டிலில் ஒன்பது வயதுப் பையன் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடந்தான். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. தாமதித்தால் அந்த இடம் அழுகிவிடும் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்கள்.

"மேடம், நேரமில்லை. கதவை விட்டு நகருங்க" என்றாள் உதவி சர்ஜன். ஆஸ்பத்திரியில் அவளைச் சின்ன டாக்டர் என்பார்கள். "பெரிய டாக்டர் கை பட்டாப் போதும்னு ஜனங்க மாசக்கணக்காக் காத்துக் கிடக்காங்க. அவ்வளவு கைராசி. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். எனக்கு வேண்டாம்."

"அம்மா, இங்கேயுமா சண்டை?" என்று முனகினான் பையன்.

"நீ பேசாமப் படுடா கண்ணு."

பக்கத்துக் கண்ணாடிக்கு அப்பால் பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அங்க பாருங்க. கழுவின கையையே திரும்பக் கழுவுறார். பிரஷ் வேற கை நழுவி விழுந்துச்சு. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சின்ன டாக்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அவளும் பார்த்திருந்தாள்.

"இந்த ஆபரேஷனை நீங்க தனியாப் பண்ணியிருக்கீங்களா?"

"நாலஞ்சு பண்ணியிருக்கேன்."

"கையைக் காட்டுங்க."

நீட்டினாள். விரல்கள் அசையவில்லை.

"அப்ப நீங்களே பண்ணுங்க."

"ஐயோ மேடம்! அவர் கையில இருக்கிற கத்தியைப் பிடுங்கச் சொல்றீங்களா? நாளைக்கு நான் இங்க வேலை பார்க்க வேண்டாமா?"

"அவர் கோபத்தை நான் பார்த்துக்கிறேன்."

கதவு உள்ளிருந்து திறக்க, அம்மா கட்டில் பக்கம் நகர்ந்தாள். ஈரக் கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி பெரிய டாக்டர் நின்றார்.

"இன்னும் என்ன பேச்சு? உள்ளே கொண்டு வா!" சின்ன டாக்டரைப் பார்த்துத்தான் கத்தினார்.

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இவங்க பண்ணுவாங்க."

"இவளா? நேத்து முளைச்சவ! இவளை நம்பி விடறதா?"

"முதல்ல உங்க கையைப் பாருங்க."

பார்த்தார். பத்து விரல்களும் நடுங்கிக்கொண்டிருந்தன. முழங்கையிலிருந்து நீர் தரையில் சொட்டியது.

"போன வாரம் ஒரு கைக்குழந்தைக்குப் பண்ணினேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "இதே கை. துளி அசையல."

அம்மா கட்டிலைச் சின்ன டாக்டர் பக்கம் தள்ளினாள்.

பெரிய டாக்டர் வெளியே வந்து வழிவிட்டு ஒதுங்கினார். "முறுக்கைப் பிரிச்சதும் அவசரப்பட்டு வெட்டிடாதே. நிறம் திரும்புதான்னு பொறுத்துப் பாரு" என்றார். சொல்லத் தேவையில்லாத பாடம். இருந்தாலும் சின்ன டாக்டர் தலையாட்டினாள்.

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. மூடிய கதவைப் பார்த்தபடி அவர் அப்படியே நின்றார். கைகளை இறக்க மறந்திருந்தார்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

"ஏங்க, போன வாரம் நீங்க பண்ணினது ஊரான் பிள்ளைக்கு. வந்து இப்படி உட்காருங்க. கண் முழிச்சதும் நம்ம பையன், அப்பா எங்கேன்னுதான் கேட்பான்."