எதிர்க்காற்று

நூலின் ஒரு நுனியை அட்லஸில் ஐஸ்லாந்தின் மேல் வைத்து, மறு நுனியைக் கனடாவின் கன்டர் விமான நிலையம் வரை இழுத்துப் பிடித்தான் மரியரட்ணம்.

ஹம்பேர்க் அகதி முகாமின் மாடியே அவனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்தான் நடைகூடத்து ரெலிபோன் மூன்று தடவை அடித்து நின்றிருந்தது.

மூன்று தடவை என்றால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. நாலாவது தடவையும் அடித்தால்தான் எடுப்போம். முகாமில் ஜேர்மன்காரரைத் தவிர எல்லாருக்கும் இந்தச் சட்டம் தெரியும்.

போனவள் அவனுடைய மனைவி கொறற்றி. பேர்லின் வழி அடைபட்டபின், யாரோ ஒருத்தியின் பாஸ்போட்டில் ஏஜென்சிக்காரன் அவளை வடக்கால் சுற்றி அனுப்பினான். ஐஸ்லாந்தில் பிளேன் மாறி, கன்டரில் இறங்கி, அங்கேயே அகதி என்று சொல்லவேண்டும்.

மூன்று நாளாக மரியரட்ணம் ஒரு வாய் சாப்பிடவில்லை. அவளைப் பிடித்துக் கொழும்புக்குத் திருப்பினால் அடுத்த பிளேனில் தானும் போவேன் என்றான். அங்கே அவன் தேடப்படுகிற ஆள், போனால் உயிர் மிஞ்சாது. சொன்னதைச் செய்கிற பிறவி வேறு.

பக்கத்து அறை அந்தோனிப்பிள்ளை எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

மரியரட்ணம் நூலை அடிமட்டக் கோலில் வைத்து அளந்து பார்த்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். குறைந்தது மூன்றரை மணித்தியாலம்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். எங்கள் நேரத்துக்கு இரவு ஒன்பது மணிக்குத்தான் அந்தப் பிளேன் கிளம்பவேண்டும். இப்போது பதினொன்றரைகூட ஆகவில்லை.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். பதினைந்து வருடம் கப்பலில் கிடந்தவன் நான். தூரக் கணக்கென்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

"காத்து பின்னால தள்ளியிருக்கும், என்ன அண்ணை?"

"ஓம் தம்பி. அந்தப் பக்கத்துக் காத்து அப்பிடித்தான்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. பாணைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்து அவசர அவசரமாகத் தின்றான்.

அந்தக் கடலில் மேற்கே போகிறவனுக்கு அநேகமாக எதிர்க்காற்றுத்தான்.

மூன்று தடவை அடித்தது நான், தெருமுனைப் பூத்திலிருந்து. இன்றைக்கு ஒரு நாளாவது அவன் சாப்பிடட்டும் என்றுதான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. இவ்வளவு கணக்குத் தெரிந்தும் இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் எல்லாரும் சாப்பாட்டுப் பொதி வாங்கக் கீழே வரிசையில் நின்றார்கள். காய்ச்சலோடு நான் மட்டும் மேலே கிடந்தேன். அப்போது ரெலிபோன் இரண்டு தடவை அடித்து நின்றது.

பிடிபட்டால் இரண்டு தடவை என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

மூன்றாவதற்காக, ரெலிபோனின் மேல் கையை வைத்தபடி, மரியரட்ணம் படியேறி வரும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.