கைத்தடம்

கோடைக்கு முன்பே புல்லை எரித்து, பதினெட்டு வருடமாகக் காட்டைப் பெருந்தீயிலிருந்து காத்தவன் பொம்மையன். இந்த வருடம், பயிற்சி முடித்து வந்த தவமணியை அவனுக்குப் பதிலாக எரிப்புக் குழுவின் தலைவியாக்கிவிட்டார்கள். எரித்து முடித்ததும் சாம்பலை வெறுங்கையால் தொட்டுப் பார்த்து, "அணைஞ்சிருச்சு" என்று சொல்வது தலைவரின் வேலை. அவள் சொன்னாள். எல்லோரும் மலையிறங்கினார்கள்.

பொம்மையன் மட்டும் திரும்பி வந்து, சாம்பலில் அவள் கை பதிந்த இடங்களிலெல்லாம் தன் கையை வைத்துப் பார்த்தான். ஒவ்வொன்றும் குளிர்ந்து கிடந்தது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. கடைசித் தடத்தில் விரல் சுட்டது. புளியங்கொட்டை அளவில் ஒரு கங்கு.

"என்னங்ணா, சூடு இருக்குதுங்களா?" கீழேயிருந்து தவமணி கேட்டாள்.

அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல அம்மிணி, நீ நட."

நாலடி தள்ளி, எரிக்காமல் விட்ட புல் காற்றில் அசைந்தது. அதைப் பார்த்தபடியே நின்றான், கையைத் திறக்கவில்லை.