பச்சைக் கயிறு

குப்பை வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தபோது, துப்புரவுப் பெண்ணின் கட்டைவிரலில் சிரிஞ்ச் ஊசி ஏறியது.

கையுறையைக் கழற்றிவிட்டு விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் இறங்கி வந்தபோது அவள் பிரித்துக்கொண்டிருந்த பை தரையில் சாய்ந்து கிடந்தது. உலர்குப்பைப் பை. மேலே வீட்டு எண் எழுதவில்லை. பச்சைக் கயிற்றுத் துண்டு ஒன்று வாயில் அவிழ்ந்து தொங்கியது.

ஈரக்குப்பை எதில், காய்ந்தது எதில், ஊசியும் பிளேடும் எதில் என்று விதி எழுதி மின்தூக்கிக்குள் ஒட்டியவர் அவர்தான். குடியிருப்பில் அவருக்கு டப்பா சார் என்று பெயர். இம்மி பிசகாமல் கடைப்பிடிப்பார். கல்யாணப் பத்திரிகை நீட்டினால்கூட இது எந்த டப்பாவுக்குப் போகும் என்றுதான் யோசிப்பார் என்பார்கள்.

பையைக் கொட்டிப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும் என்றார் காவலாளி.

அடுத்தவர் வீட்டுப் பையைக் கிளறுவது முறையில்லை என்றார் செயலாளர்.

காவலாளி அவரை ஒரு மாதிரி பார்த்தார். போன மாதம்தான் யாரோ ஒருவருடைய பையைச் செய்தித்தாளில் பரப்பி, படம் எடுத்து, எல்லோருக்கும் அனுப்பியிருந்தார் இவர்.

வண்டி வந்ததும் அந்தப் பையை அவரே தூக்கி உள்ளே போட்டார்.

மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இருந்தது. அங்கே அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஊசி யாருடையது என்று தெரிந்தால் அந்த ஆளின் ரத்தத்தைப் பார்த்துவிடலாம். தெரியாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருந்து இவள் ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. தெரியும்வரை பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. காவலாளியின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மாமியாரிடம் இருந்தது. புட்டியை வாயில் வாங்கமாட்டேன் என்கிறது என்று இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

"இன்னிக்குள்ள தெரிஞ்சிடுமா சார்?"

சீருடையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. செயலாளர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு வீடு விடாம கேட்டுடறேம்மா."

சொன்னபடியே கிளம்பினார்.

சர்க்கரை நோய்க்காரர் கேள்வி முடிவதற்குள் உள்ளே போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தார். மூடி போட்டது, உள்ளே ஊசிகள், வெளியே வீட்டு எண். நீங்கள் எழுதிய விதிதானே, படிக்கத் தெரிந்தவன்தான் நான் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வாடகைக்கு இருப்பவர்கள் என்பதால்தானே எங்களைக் கேட்கிறீர்கள் என்றாள் ஒருத்தி. இன்னொரு வீட்டில் கதவுச் சங்கிலியைக்கூட எடுக்கவில்லை.

எல்லா விரல்களும் மேல்மாடியைக் காட்டின. அங்கே கல்யாணமாகாத பையன்கள் மூன்று பேர் சேர்ந்து குடியிருந்தார்கள். இரவில் பாட்டு வைப்பவர்கள். அவர்கள் வாசலில் மட்டும் செயலாளரின் குரல் உயர்ந்தது.

சட்டைக் கையை ஏற்றச் சொன்னார்.

இருவர் ஏற்றினார்கள். மூன்றாமவன் குளியலறையிலிருந்து துண்டோடு வந்து, சோப்பு வழியக் கையை நீட்டினான்.

"கை போதுமா அங்கிள், மிச்சத்தையும் காட்டணுமா?"

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. கடைசியாக நின்றவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

செயலாளர் அந்தக் கைகளைத் தேவைக்கு மேல் நேரம் பார்த்தார். முழங்கை மடிப்பில் ஊசித் தடம் எதுவுமில்லை. ஒரு மச்சம், ஒரு பழைய தழும்பு. பெற்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படிப்பட்ட கைகள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே படியிறங்கினார்.

வீட்டுக்குள் வந்ததும் நெடுநேரம் கை கழுவினார். மனைவி சாப்பிடாமல் மேசையருகே உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தின் கோடியில் மகனின் அறை சாத்தியிருந்தது. கதவருகே தரையில், காலையில் அவள் வைத்த காப்பி ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. அப்பாவும் மகனும் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. வேலை போனதிலிருந்து என்று வெளியே சொல்லிவைத்திருந்தார்கள்.

பால்கனிக் கொடியில் அவன் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. இந்த வெயிலிலும் எல்லாம் முழுக்கை.

கொடி கட்டியது போக மிஞ்சிய பச்சைக் கயிறு ஆணியில் தொங்கியது. குப்பைப் பை கட்ட அதிலிருந்துதான் அவள் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வாள். எண் எழுதுவது அவர் வேலை. இன்று அவர் எழுந்திருக்கும் முன்பே பையைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

அவர் கயிற்றைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

ஒரு வீடு பாக்கியில்லை, எல்லோரையும் கேட்டாயிற்று, அந்தப் பைக்குச் சொந்தக்காரர் இந்தக் கட்டடத்தில் யாருமே இல்லையாம் என்றார்.

கைபேசி அதிர்ந்தது. காவலாளியின் எண். அவர் அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். கவிழ்ந்தபடியே அது அதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்து போய், கதவருகே இருந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். ஒருவர் நிற்கும் அளவுக்கு வழி விட்டுத் தள்ளி நின்றாள்.

"எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினீங்க. இந்தக் கதவை எப்பங்க தட்டப் போறீங்க?"